இன்றியமையா மரபணுக்களும் ஐசோபிரினாய்டு உயிர்த்தொகுப்பும்

மலேசியத் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவி எடுக்கப்படும் ரப்பர், கேரட்டின் நிறப்பொருள், மனித உடலின் கொலஸ்டிரால் ஆகிய மூன்றும் ஐசோபிரினாய்டு எனும் ஒரே வேதிக்குடும்பத்தைச் சார்ந்தவை. ஐந்து கார்பன் அணுக்களைக் கொண்ட அடிப்படை அலகுகள் இணைவதால் இவை உருவாகின்றன. பாக்டீரியாவுக்கும் இவ்வலகு தேவை. செல்சுவர் கட்டுவதற்கான மூலப்பொருள்களைச் சவ்வினூடே ஏற்றிச்செல்லும் 55 கார்பன் கொண்ட கடத்தி மூலக்கூறு இதனின்றே பிறக்கின்றது.

இவ்வலகு மெவலோனேட் என்னும் இடைப்பொருள் வழியாக உருவாவது 1950களில் கண்டறியப்பட்டது. எல்லா உயிர்களுக்கும் அதுவே வழி என நெடுங்காலம் கருதப்பட்டது. பிரான்சு நாட்டு மிசேல் ரோமர் குழுவினர் கார்பன்-13 குறியிட்ட உணவைப் பாக்டீரியாவுக்கு அளித்து ஆராய்ந்தபோது, குறியீடு அமைந்த இடங்கள் அவ்வழிக்குப் பொருந்தவில்லை. 1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இரண்டாம் வழியொன்று உண்டென்பதை நிறுவியது. பைருவேட்டும் கிளிசரால்டிகைடு பாஸ்பேட்டும் இணைவதில் தொடங்கும் அவ்வழியில் ஏழு நொதிகள் பணியாற்றுகின்றன.

இவற்றுக்குரிய மரபணுக்கள் எஸ்கெரிசியா கோலை பாக்டீரியாவுக்கு இன்றியமையாதவை என்பதை எங்ஙனம் மெய்ப்பிப்பது? ஒரு மரபணுவை நீக்கியபின் உயிரி வளரவில்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது, சோதனையே பிழைத்திருக்கலாம். ஆகவே ஆய்வாளர் ஒரு நுட்பமான உத்தியைக் கையாண்டனர். மெவலோனேட்டை அடிப்படை அலகாக மாற்றவல்ல வேற்றுயிர் மரபணுக்களை முதலில் பாக்டீரியாவுக்குள் புகுத்தினர். பின்னர் ஊடகத்தில் மெவலோனேட் இட்டு, ஆய்வுக்குரிய மரபணுவை நீக்கினர். பாக்டீரியா வளர்ந்தது. மெவலோனேட்டை நிறுத்தியதும் வளர்ச்சி நின்றது. அது 'இன்றி அமையாது' என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான செயல்விளக்கம் காண்பதரிது. மாற்றுவழியைத் திறந்துவைத்தே அம்மரபணுவின் இன்றியமையாமை நிறுவப்பட்டது என்பது கருதத்தக்கது. எனவே இன்றியமையாமை என்பது மரபணுவின் தனிப்பண்பன்று. உயிரிக்கு வாய்த்த பிற வழிகளையும் சூழலையும் பொறுத்தது. 2006இல் வெளியான கெய்யோ தொகுப்பில், எஸ்கெரிசியா கோலையின் 4,288 மரபணுக்களுள் 303 நீக்கவியலாதவையாக இருந்தன. அவ்வெண்ணிக்கையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாக்டீரியா வகைக்கும் ஊடகத்திற்கும் உட்பட்டதாகவே கொள்ளவேண்டும்.

மனிதரிடம் மெவலோனேட் வழி மட்டுமே உள்ளது. ஆதலின் இரண்டாம் வழியைத் தடுக்கும் மருந்து, நோய்க்கிருமியைத் தாக்கி நம் செல்களை விட்டுவிடும் என எதிர்பார்க்கலாம். பாஸ்மிடோமைசின் அவ்வழியின் இரண்டாம் நொதியைத் தடுப்பது 1998இல் அறியப்பட்டது. மலேரியா ஒட்டுண்ணியின் வளர்ச்சியையும் அது தடுப்பது அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. ஆயினும் இலக்கு கிடைத்தால் மருந்து கிடைத்துவிடும் என்பது மிகையான நம்பிக்கை. காசநோய்க் கிருமிக்கும் இதே வழி இன்றியமையாதது. ஆனால் பாஸ்மிடோமைசின் அதனுள் நுழைவதில்லை. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவோ மெவலோனேட் வழியையே பின்பற்றுவதால், அதனிடம் இம்மருந்துக்குரிய இலக்கே இல்லை.