தாளின் ஓரத்தில் ஒரு பெயர்

கி.பி. 1777. கல்கத்தா உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் துணைவியார் மேரி, தாம் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் ஓவியமாக்க விரும்பினார். பாட்னா ஓவியர் ஷேக் ஜைனுத்தீன் அவ்வாண்டில் அப்பணியில் இருந்தார். பவானி தாஸும் ராம் தாஸும் உடன் பணிபுரிந்தனர். முகலாய மரபில் பயின்ற கை. தாளோ இங்கிலாந்துத் தாள். இறகின் இழைகளைக்கூட எண்ணிவிடலாம் போலும்! முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின.

கும்பினியாருக்கு வரைந்த நம் ஓவியருள் பலர் பெயரறியப்படாமலே மறைந்தனர். இங்கோ, வரைந்தவர் பெயரும் ஊரும் தாளின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டன. எனினும் 1790இல் பறவையியலார் ஜான் லேத்தம், இமயத்து மோனால் பறவையின் அறிவியற்பெயரில் இம்பே சீமாட்டியின் பெயரையே சேர்த்தார். ஓவியங்கள் 1810இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்தன. இன்று பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன.