மருத்துவத்தில் ஒழுங்குமுறை மணற்பெட்டி

ஒழுங்குமுறை மணற்பெட்டி என்பது, தனிச் சட்டவிதிகள் இன்னும் வகுக்கப்படாத ஒரு புதிய சேவையை அல்லது கருவியை, அரசின் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கும் எல்லைக்கும் உட்பட்டு இயக்கிப் பார்க்கும் முறையாகும். குழந்தைகள் அடிபடாமல் விளையாட மணல் நிரப்பி வைக்கும் தொட்டியை ஒட்டி எழுந்த பெயர் இது. கணினித் துறையில் முன்பே வழங்கிய இச்சொல்லை, 2016-இல் பிரித்தானியாவின் நிதி நடத்தை ஆணையம் நிதித்துறையில் நடைமுறைப்படுத்தியது. மருத்துவத்துறை அதன் பின்னரே இதைக் கைக்கொண்டது.

மருந்துச் சோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்துச் சோதனை, "இது நோயைக் குணப்படுத்துமா?" என்று கேட்கிறது. மணற்பெட்டி, "இதற்கு எத்தகைய விதி தேவை?" என்று கேட்கிறது. இங்கே தேர்வு எழுதுவது கருவி மட்டுமன்று. அதை ஆளப்போகும் விதியும்தான்.

சிங்கப்பூரின் தொலைமருத்துவம்

சிங்கப்பூரில் தனியார் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் கட்டுப்படுத்திய 1980-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடத்தை அடிப்படையாகக் கொண்டு உரிமம் வழங்கியது. மருத்துவர் ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருந்து காணொளி வழியாகப் பேசும்போது எந்தக் கட்டடத்துக்கு உரிமம் தருவது? இந்தச் சிக்கலுக்கு விடை காண, சுகாதார அமைச்சு 2018 ஏப்ரலில் ஒரு மணற்பெட்டியைத் தொடங்கியது. காணொளி ஆலோசனை, மருத்துவக் குழு வீட்டுக்கே செல்லும் சேவை ஆகிய இரண்டும் அதில் இடம்பெற்றன. நிறுவனங்கள் தாமாக முன்வந்து, அமைச்சு விதித்த நிபந்தனைகளை ஏற்றுச் சேர்ந்தன.

இடையில் கோவிட் பெருந்தொற்று வந்து, தொலைமருத்துவத்தின் தேவையை எவரும் எதிர்பாராத அளவுக்கு உயர்த்தியது. மணற்பெட்டி 2021 பிப்ரவரியில் முடிவுற்றது. கட்டடத்துக்கு அல்லாமல் சேவைக்கே உரிமம் தரும் புதிய சட்டம் 2020-இல் நிறைவேறியிருந்தது. அதன்கீழ் 2023 சூனில் தொலைமருத்துவமும் உரிமம் பெறவேண்டிய சேவையாயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. 2024-இல் ஒரு நிறுவனத்தில் ஏராளமான ஆலோசனைகள் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்திருந்ததை அமைச்சு கண்டறிந்து, அவ்வாண்டு திசம்பரில் அதன் உரிமத்தை ரத்து செய்தது. மணற்பெட்டியில் பங்கேற்பவர்கள் சிலர். அவர்கள்மீது அமைச்சின் பார்வை இடைவிடாது இருக்கும். சந்தை விரிந்து போட்டி மிகுந்தபின் நடப்பதை அங்கே முழுதாகக் காண இயலாது. இம்முறையின் முதன்மையான குறை இதுவே எனலாம். எனினும், சேவைக்கு உரிமம் என்னும் ஏற்பாடு இருந்ததால்தான் அதைப் பறிக்கவும் முடிந்தது.

மதிப்பீட்டு முறையையே சோதித்தல்

பிரித்தானியாவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை முகமை 2024-இல் 'ஏஐ ஏர்லாக்' என்ற மணற்பெட்டியைத் தொடங்கியது. விண்கலத்தில் உள்ளிருந்து வெளியே செல்லுமுன் நிற்கும் காற்றடைப்பு அறையின் பெயர் அது. முதற்கட்டத்தில் ஐந்து தொழில்நுட்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

மாத்திரை ஒப்புதல் பெற்றபின் மாறுவதில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருளோ, நோயாளிகளின் வயதும் பின்புலமும் மாறும்போது துல்லியம் இழக்கக்கூடும். இல்லாத ஒன்றை இருப்பதாகவும் சொல்லக்கூடும். அப்படியானால் ஒப்புதலுக்கு என்ன சான்று கேட்பது, ஒப்புதலுக்குப் பிறகு எவ்வாறு கண்காணிப்பது? பழைய அளவுகோல்கள் போதுமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இந்தியாவில்

ஆயுஷ்மான் பாரத் எண்ணிம இயக்கத்திலும் 'சாண்ட்பாக்ஸ்' என்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டு. மருத்துவமனை மென்பொருள்கள் தேசிய எண்ணிமக் கட்டமைப்புடன் சரியாக இணைகின்றனவா என்று பார்க்கும் தொழில்நுட்பச் சோதனைக்களம் அது. விதிகளைச் சோதிப்பது அதன் பணியன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் மாணவர்கள் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதுண்டு.