பாலம் சுமக்கும் உருக்கு

இரத்தோட்டை போன்ற மழைமிகுந்த மலையூர்களில், வெளியிற் கிடக்கும் இரும்பு எத்துணை விரைவிற் துருவேறும் என்பதை நேயர்கள் நன்கறிவர். பாலத்துக்கோ துருவினும் பெரிய பகையொன்றுண்டு. அது தன் பாரமே. தூண்களின் இடைவெளி நீள நீள, பாலம் தன்னைச் சுமப்பதிலேயே பெரிதும் வலிமையிழக்கின்றது.

1943இல் திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌரா பாலத்தை நோக்குவோம். கப்பல்கள் செல்லும் ஹூக்ளி நதியின் நடுவே தூண் நாட்டாமல், 1,500 அடியைக் கடக்கவேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய உருக்கையோ போர் தடுத்தது. தாதா ஆலையே, குரோமியமும் செம்பும் சிறிதளவு கலந்த ‘டிஸ்குரோம்’ என்னும் உருக்கை ஆக்கியளித்தது. பாலத்தின் 26,500 தொன்னில் ஏறத்தாழ 23,000 தொன் அவ்வாலையினது.

குரோமியம் வலிமையைக் கூட்டியமையால் மெல்லிய சட்டங்களே போதுமாயின. செம்பு துருவைத் தாமதிக்கும். ஆனால், கறிக்கு உப்புப்போல அதற்கும் அளவுண்டு. மிகுந்தால், செந்தழலில் உருட்டும்போதே உருக்கு வெடித்துவிடும்.