மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரோட்டைப் பாருங்கள்

எமது தோட்டத்துப் பிள்ளை ஒருவரைக் களுதாவளையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவருடைய குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் வீட்டாரோடு நாமும் போயிருந்தோம். பெரகலையிலிருந்து கீழே இறங்கும் அதே ஏ4 ரோடுதான் வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், கல்முனை என்று சுற்றி, களுதாவளை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறது. ரோடு ஒன்றுதான். ஆனால் கீழே ஓடுகிற வண்டி மேலேயும் ஓடும் என்று நம்பி எமது பையன் ஒருவர் பட்ட பாட்டைத்தான் இம்முறை எழுதுகிறோம்.

களுதாவளை தட்டையான மணல் பூமி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வெற்றிலைக்குப் பேர்போன ஊர். மாப்பிள்ளை கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார். விடியற்காலையில் வெற்றிலைக் கட்டைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். படுவான்கரை வயலுக்குப் போவதென்றால் குருமண்வெளியில் வண்டியைப் பாதையில் ஏற்றி மண்டூரில் இறங்குவார். (அங்கே 'பாதை' என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. எமக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.) பாரம் குறைந்த வண்டி, இரண்டு காலும் நிலத்தில் ஊன்றும், மணல் ஒழுங்கையில் தடுமாறினாலும் பிடித்துக்கொள்ளலாம். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவார். அவ்வளவுதான் அவருக்குக் கவலை.

பிள்ளையின் தம்பி இதைப் பார்த்தார், ஓட்டியும் பார்த்தார், ஆசைப்பட்டுவிட்டார். ஊர் திரும்பிய மாதமே அதே மாதிரி ஒன்றை லீசிங்கில் எடுத்தார். மூன்றாம் மாதம், தாயாரைப் பின்னால் ஏற்றி, முன்னால் அரிசி மூட்டையோடு டவுனிலிருந்து லயத்துக்கு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. இருவரும் கானுக்குள் விழுந்தார்கள். தாயாருக்கு மணிக்கட்டு முறிந்தது. கொழுந்து எடுக்கிற கை அது. இரண்டு மாதம் வேலையில்லை, தவணையும் கட்டவில்லை.

இதில் ஸ்கூட்டரைக் குறை சொல்ல நியாயமில்லை. கியர் உள்ள வண்டியில் இறக்கத்தில் முதலாம், இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியர் இல்லாத வண்டியில் வேகம் குறையும்போது உள்ளே கிளட்ச் தானாகவே விட்டுவிடும். பிறகு முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும்தான் சுமக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடியை இழக்கும். சில கிலோமீற்றர் தொடர்ந்து இறங்குகிற எமது ரோட்டில் இது நடக்கும். கியர் வண்டி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று இருந்த காலத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கப் பழகிய பிள்ளைகள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அது உயிரோடு விளையாடுவது.

அப்படியென்றால் எதை வாங்குவது? தோட்டத்து ரோட்டுக்கு 100 சி.சி. கியர் வண்டி போதும் என்பதே எமது எண்ணம். அது ஏறக்குறைய 110 கிலோ. 150 சி.சி. வண்டி அதைவிடப் பாரம் கூடியது. கல் ரோட்டில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்று யோசியுங்கள். முன்னால் குனிந்து ஓட்டுகிற ரேஸ் மாதிரி வண்டிகள் தட்டையான நெடுஞ்சாலைக்குத்தான் சரி. பெண்பிள்ளைகளும் ஓட்டுவதென்றால், ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்த ஹொண்டா எம்.டி. 90 போன்ற பழைய வண்டிகளைப் பாருங்கள். கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை, ஆனால் கியர் உண்டு. 100 சி.சி.க்கு மேல் போனால் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பும் மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் பழைய வண்டிகளின் விலை கூடியது. 2025 இல் மீண்டும் அனுமதித்தாலும் விலை இலேசாக இல்லை. ஆகவே லீசிங் கடதாசியில் கையெழுத்து வைக்கும் முன் ஒன்றைக் கணக்குப் பாருங்கள்: மழையால் வேலை குறைந்த மாதத்துச் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா? நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டின காசும் போகும். தலைக்கவசம் இரண்டு, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் இவற்றின் செலவும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நல்ல வேளையாக, நிலுவையைக் கட்டி அந்த ஸ்கூட்டரைக் களுதாவளை மாப்பிள்ளையே பொறுப்பேற்றார். மரக்கறி லொறியொன்றில் ஏற்றி அனுப்பினோம். தம்பி இப்போது பழைய 100 சி.சி. வண்டி ஒன்று தேடுகிறார். போன கிழமை ஒன்றைப் பார்க்கப் போனபோது தாயாரும் கூடவே போனார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு தரம் இறக்கத்தில் போய்வந்துவிட்டு, "இது வேணாம்பா, பின் பிரேக் சத்தம் போடுது" என்று சொல்லிவிட்டாராம்.