பழைய வேட்டை அம்பின் பெறுமதி எங்கே இருக்கிறது?

பழம்பொருள் கடைகளிலும் ஐரோப்பிய ஏலங்களிலும் “இலங்கை வேடர் அம்பு” என்ற பெயரில் அம்புகள் விற்பனைக்கு வருவதுண்டு. வாங்குபவர் இரண்டு கேள்விகளைக் கேட்பார். இது உண்மையானதா? என்ன விலை பெறும்? முதல் கேள்விக்கு அம்பே ஓரளவு பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் அம்போடு வரும், அல்லது வராமலே போகும், ஒரு கடதாசித் துண்டில் இருக்கிறது.

முதலில் இரும்பு அலகைப் பாருங்கள். 1660 இல் மூதூருக்கு அண்மையில், கொட்டியாரத்தில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்தவர் ஆங்கிலேயரான றொபேர்ட் நொக்ஸ். 1681 இல் வெளியான தனது நூலில் அவர் ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார். அம்பு தேவைப்படும் வேடர்கள் இரவில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்கள். வேண்டிய வடிவத்தில் வெட்டிய இலையொன்றும் அதனருகே தொங்கும். கொல்லன் அதே மாதிரியில் செய்துகொடுத்தால் மேலும் இறைச்சி வரும்.

ஆகவே பழைய அலகு என்பது ஊர்க் கொல்லனின் கைவேலை. சுத்தியல் தட்டிய தடம் தெரியும். தடிப்பு இடத்துக்கிடம் மாறும். இரு விளிம்புகளும் அச்சொட்டாக ஒத்திருக்காது. ஒரே தடிப்பான தகட்டில் வெட்டி, இயந்திரத்தில் தீட்டிய நேர்கோட்டுக் கீறல்கள் இருந்தால் அது அண்மைக்காலத்தது.

அலகின் நீளமும் முக்கியம். சில அங்குல அலகுகளும் உண்டு, மிக நீண்டவையும் உண்டு. 1911 இல் வேடர் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியினர், நீண்ட அலகுடைய சடங்கு அம்புகளையும் விவரித்திருக்கிறார்கள். கிரிகொரஹா போன்ற சடங்குகளில் கையில் ஏந்தி ஆடப்பட்டவை அவை. இவற்றை வேட்டை அம்பு என்று எழுதி விற்பது அறியாமையால் நடக்கும் தவறு.

அடுத்தது தண்டும் இறகும். அலகின் பின்முனை மரத்தண்டுக்குள் செருகப்பட்டு நாரால் வரிந்து கட்டப்பட்டிருக்கும். இறகு பெரும்பாலும் மயிலினுடையது. நைலோன் நூல், பளபளக்கும் பசை, புதிதாகப் பூசிய வார்னிஷ் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஆனால் இறகு பூச்சி அரித்திருந்தால் பயப்பட வேண்டாம். உண்மையான பழைய அம்புகளுக்கு அது வழக்கமாக நேர்வதுதான். நாணில் பொருந்தும் முனையில் தேய்மானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எய்யப்பட்ட அம்பில் அது இருக்கும், சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதில் இருக்காது.

தம்பானை போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படும் அம்புகளைப் போலி என்று ஒதுக்கத் தேவையில்லை. அவையும் வேடர்களின் உழைப்பே. அவற்றை நூறு ஆண்டு பழையவை என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

இனி விலை. ஒரே மாதிரியான இரண்டு அம்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் எதுவும் இல்லை. மற்றதில், மை மங்கிய சிறு சீட்டில் ஊரின் பெயர், ஆண்டு, சேகரித்தவர் பெயர் இருக்கின்றன. இரண்டாவதற்கே அதிக விலை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் உறவினர்கள் இருவர் 1880களில் இலங்கையில் சேகரித்த பொருட்கள் பாசல் நகர நூதனசாலையில் இருக்கின்றன. எங்கே, எப்போது, யாரால் பெறப்பட்டவை என்பது எழுதப்பட்டிருந்தால்தான் அத்தகைய சேகரிப்புகள் ஆய்வாளருக்குப் பயன்படும். அந்தக் குறிப்பு இல்லாத அம்பு வெறும் மரமும் இரும்பும் ஆகிவிடுகிறது.

எனவே பழைய சீட்டை ஒருபோதும் பிய்க்காதீர்கள். துருவை உரசி மினுக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். மினுக்கினால் சுத்தியல் தடமும் போய்விடும், விலையும் குறையும். அளவுகோலை அருகில் வைத்து இரு பக்கமும் படம் எடுங்கள். விற்றவர் சொன்னதை அன்றைக்கே திகதியுடன் எழுதுங்கள். இலங்கையிலிருந்து இத்தகைய பழம்பொருளை வெளியே கொண்டுசெல்வதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் கலாசாரப் பொருட்களின் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது.

இது சேகரிப்பாளர்களின் விடயம் மட்டும்தானா? மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகங்கள் வாழ்கின்றன. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அந்தக் கரையோரமும் வெறுமையானது. ஓடும்போது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று நம்மில் ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. தப்பிவந்த பொருட்களிலும் பல இன்று யாருடையவை என்று தெரியாமல் கிடக்கின்றன.

வீட்டில் அப்பு வைத்திருந்த அம்போ, ஈட்டியோ, மீன்குத்தியோ இருந்தால் அதை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்கு முன் அம்மம்மாவிடமோ பெரியய்யாவிடமோ கேட்டு மூன்று வரி எழுதுங்கள்: யார் வைத்திருந்தது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது. ஒரு பிரதியைப் பொருளோடு கட்டி, இன்னொன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.