ரயில் கொண்டுவந்த மணி

திற்பரப்பில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு? “பன்னிரண்டு மணிக்கு” என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் கோதையாற்றின் கரையில் ஒரு கோலை நட்டு அதன் நிழலைக் கவனித்தால் விடை வேறாக இருக்கும். ஆண்டின் எந்த நாளிலும், கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிய பிறகுதான் சூரியன் அவ்வூர் வானில் மிக உயரமான நிலைக்கு வருகிறது. இந்த வித்தியாசத்துக்கு வித்திட்டது நீராவி எஞ்சின் என்றால் வியப்பாக இல்லையா?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே கிழக்கே உள்ள ஊருக்கு உச்சிப்பொழுது முன்னதாகவும் மேற்கே உள்ள ஊருக்குப் பின்னதாகவும் வரும். சென்னையின் தீர்க்கரேகை சுமார் 80¼ பாகை. திற்பரப்பின் தீர்க்கரேகை சுமார் 77¼ பாகை. மூன்று பாகை வித்தியாசம். எனவே சென்னையில் உச்சியான 12 நிமிடங்களுக்குப் பிறகே திற்பரப்பில் உச்சியாகும்.

பழங்காலத்தில் இதனால் யாருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அவரவர் ஊருக்கு அவரவர் சூரியன்! மாட்டுவண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு நிமிட வித்தியாசம் காண வண்டி ஏழு மணி நேரம் ஓட வேண்டும். அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

புகைவண்டி வந்ததும் நிலைமை மாறியது. நீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. அந்த ஆவியை உருளைக்குள் செலுத்தினால் அது பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றும். விக்டோரியா ராணியின் காலத்தில் (1837–1901) இவ்வண்டிகள் இங்கிலாந்தை நான்கு திசையிலும் இணைத்தன. நகரத்தாருக்குக் கிராமத்துப் பாலும், கிராமத்தாருக்கு அன்றைய செய்தித்தாளும் கிடைத்தன. தொழிலாளிகள் கூடக் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போனார்கள். இவையெல்லாம் பெரிய மாறுதல்களே. ஆனால் மனிதரின் மணியையே மாற்றியதுதான் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று நிலையத்தில் நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும். இரண்டு வண்டியாட்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால்? 1853-இல் அமெரிக்காவின் ரோட் ஐலந்து மாநிலத்தில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு வண்டியின் நடத்துநரிடம் இருந்த கடிகாரம் சிறிது மெதுவாக ஓடியதே அதற்குக் காரணம்.

இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-லேயே தன் நிலையங்கள் அனைத்திலும் லண்டன் மணியைப் புகுத்தியது. பிரிஸ்டல் நகரின் சொந்த மணியோ அதற்குப் பத்து நிமிடம் பின்னால். ஊர் மணியையும் விட முடியாமல் ரயில் மணியையும் தள்ள முடியாமல், அந்நகரத்தார் ஒரே கடிகாரத்தில் இரண்டு நிமிட முட்களை வைத்துவிட்டார்கள்! அதை இன்றும் அங்கே பார்க்கலாம். நாடு முழுமைக்கும் கிரீன்விச் மணியே சட்டப்படியான மணி என்று ஆனது 1880-இல்தான்.

நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது சென்னை மணி. சென்னை வானாய்வுக்கூடத்தில் 1802-இல் ஜான் கோல்டிங்ஹாம் அதைக் கணித்தார். அது கிரீன்விச் மணிக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட மணியாக இருந்ததால் ரயில்வேக்கள் அதை ஏற்றன; தந்திக் கம்பி வழியே அது நிலையம் நிலையமாகப் பரவியது. 1876-இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தபோது, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து அங்கே போன நாஞ்சில் நாட்டுப் பயணி தன் ஊர்ப்பொழுதை நம்பியிருந்தால் வண்டியைத் தவறவிட்டிருப்பார். பத்து நிமிடத்துக்கு மேல் பிந்திவிடுவாரே!

1906 ஜனவரி முதல் நாள் இந்திய மணி நடைமுறைக்கு வந்தது. இது மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையின் மணி. பம்பாய்க்காரர்கள் மட்டும் 1955 வரை தங்கள் சொந்த மணியை விடவில்லை. ரயிலோ, குழித்துறை வழியாகத் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைத்தது 1979-இல்தான். ஆனால் நாகர்கோவில் மணிமேடை எழுந்தது 1893-இல்! ரயிலுக்கு வெகுகாலம் முன்பே மணி வந்துவிட்டது.

இனி நீங்களே கணக்கிடுங்கள். 82½-இலிருந்து 77¼-ஐக் கழித்தால் 5¼. நான்கால் பெருக்கினால் 21 நிமிடம். டிசம்பர் 25 விடுமுறைதானே? வெயில் இருந்தால் சமதரையில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு, 12 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். திற்பரப்பில் 12.21 அளவில் நிழல் மிகக் குறுகி, ஏறக்குறைய 62 சென்டிமீட்டர் நீளத்தில் நேர் வடக்கே விழும். பூமி சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுவதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் மற்ற நாட்களில் இந்த நேரம் சற்று நகரும்: நவம்பர் தொடக்கத்தில் 12.05, பிப்ரவரி நடுவில் 12.35.