மழலையர் உணவு: சொல்லும் தேர்வும்

கடலூரிலிருந்து பண்ணுருட்டிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது நெல்லிக்குப்பம். ஊர்ப்பெயரின் முன்னுறுப்பில் நெல்லி நிற்கிறது. ஊரின் புகழுக்கு ஏதுவாய் நிற்பது கரும்பு. இங்குள்ள சர்க்கரை ஆலை 1842-இல் தோன்றியது என்பர். இந்நாட்டின் பழைமையான ஆலைகளுள் ஒன்றாக அதனை எண்ணுவது வழக்கம். இவ்வூரை முன்வைத்து, பால்குடி மாறாக் குழவியர்க்கும் தளர்நடைச் சிறுவர்க்கும் ஏற்ற உணவைத் தேர்ந்து கொள்ளுதல் எங்ஙனம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது மருத்துவர்க்கு உரிய பொருளன்றோ, தமிழாய்வுக்கு இதனால் ஆவது யாது எனச் சிலர் வினவலாம். தாய் ஒருத்தி தன் மகவுக்கு எதனை ஊட்டுவது என முடிவு செய்யுங்கால் அவள் உள்ளத்தில் முன்னிற்பன சொற்களே. கஞ்சி, கூழ், சேனை, சர்க்கரை, இணை உணவு என்னும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வழக்கத்தைச் சுமந்து வருகின்றது. அவ்வழக்கங்களுள் குழந்தைக்கு ஆக்கந் தருவனவும் உள; கேடு பயப்பனவும் உள. இவற்றைப் பகுத்துக் காட்டுதல் சொல்லாய்வார் கடன்களுள் ஒன்று என்பது எம் கருத்து.

இதன் தேவையை இரண்டு எண்கள் உணர்த்தும். 2019-21-இல் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாத அகவையுள்ள குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். ஐந்து அகவைக்கு உட்பட்டோருள் 25 விழுக்காட்டினர் அகவைக்கேற்ற உயரம் எய்தாதோர். நெல்லும் பயறும் மீனும் விளையும் நாட்டில் இந்நிலை ஏன் என்பது நம்மனைவரையும் வருத்த வேண்டிய வினாவாகும்.

1. இணை உணவு

முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் ஒன்றே உணவு, தண்ணீரும் வேண்டா. ஆறு திங்கள் நிறைந்தபின் பிற உணவு தொடங்கும். எனினும் தாய்ப்பால் இரண்டாண்டும் அதற்கு மேலும் தொடர்தல் வேண்டும். இஃது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த நெறி. இவ்விடைக்கால உணவைப் 'பால் மறக்கடிக்கும் உணவு' எனப் பெயரிட்டு வழங்கியதும் உண்டு. அப்பெயர் பாலை நிறுத்துதலையே குறிப்பதாயிற்று. வேப்பெண்ணெய் தடவிப் பால்குடியை மறக்கச் செய்த பழவழக்கத்தோடு அது பொருந்திய சொல்லாகும். இன்று அங்கன்வாடிகளில் வழங்கும் 'இணை உணவு' என்னும் சொல்லோ, பாலுக்கு மாற்றாகாமல் பாலோடு இணைந்து நிற்பது என்னும் பொருளைத் தெளிவுறக் காட்டுகின்றது. கலைச்சொல் ஒன்று செவ்விதின் அமையின் அதுவே பாதி அறிவுரையாகும் என்பதற்கு இச்சொல் தக்க சான்று.

2. கஞ்சியும் கூழும்

நீர் மிக்கது கஞ்சி. அதனினும் செறிந்தது கூழ். மேலும் இறுகியது களி. உணவின் செறிவை இங்ஙனம் படிப்படியாகப் பகுத்துச் சொல்லும் திறம் நம் மொழியில் இயல்பாய் அமைந்துள்ளது. இப்பகுப்பு குழந்தை உணவில் பெரும்பயன் உடையது. குழந்தையின் இரைப்பை, உடலெடையில் ஒரு கிலோவிற்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டரே கொள்ளும் என்பர். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிலிட்டர் அளவே இடம். அவ்விடத்தை நீர்த்த கஞ்சியால் நிரப்பின் வயிறு நிறையும், உடல் வளராது. தாய்ப்பாலுக்கு மேல், 6 முதல் 8 திங்கள் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரியும், 9 முதல் 11 திங்கள் வரை 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் பிற உணவால் கிடைத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். ஆதலின் கரண்டியைச் சாய்த்தால் ஒழுகியோடாத செறிவே தக்கது. கஞ்சியை விடுத்துக் கூழைக் கொள்க எனச் சுருங்கக் கூறலாம்.

திருவள்ளுவர் மக்கட்பேற்று அதிகாரத்தில் (குறள் 64) ஆண்ட சொல்லும் கூழ் என்பதே. பரிமேலழகர் அதற்குச் சோறு எனப் பொருள் கொண்டார். அரசியல் உறுப்புகளைக் கூறும் இடத்தும் (குறள் 381) இச்சொல்லே வருதலின், அந்நாளில் அது வறியோர் உணவை மட்டும் குறித்ததன்று. உணவுக்கும் பொருள்வளத்துக்கும் பொதுப்பெயராய் நின்றது. இன்று கூழ் என்றவுடன் தாழ்வுணர்ச்சி கொள்வார்க்கு இவ்வரலாறு நினைவிற்குரியது. கேழ்வரகும் கம்பும் கூழாக நம் அடுக்களையில் இருக்க, வண்ணப் பெட்டியில் வரும் மாவே உயர்ந்தது எனக் கருதுவதற்குச் சொல்லின் இழிபும் ஒரு காரணமாயிற்று என ஊகிக்கலாம். இரண்டு அகவைக்கு உட்பட்டோர்க்கான உணவை விளம்பரம் செய்தல் இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தடுக்கப்பட்டுள்ளது என்பதையும் ஈண்டுக் கருதுக.

3. அளாவுதலும் கோலும்

எதனை ஊட்டுவது என்பதனோடு எங்ஙனம் ஊட்டுவது என்பதும் ஆராய்தற்குரியது. குறள் 64-க்கு உரை கண்ட பரிமேலழகர், குழந்தை உணவை அளாவுதலை விளக்கப் புறநானூற்று 188-ஆம் பாட்டை எடுத்துக் காட்டினார். பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய அப்பாட்டில், குழந்தை தானே உணவைத் தொட்டும் வாயிற் கொண்டும் துழாவியும் நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்கின்றது. அதனைத் தடுப்பார் எவரும் அங்கு இலர்.

இதற்கு மறுதலையான காட்சி நற்றிணை 110-இல் உளது. போதனார் பாடிய அப்பாட்டில், தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திச் சிறுகோல் ஒன்றைக் காட்டி உண்ணுமாறு வற்புறுத்துகின்றனர் செவிலியர். சிறுமி உண்ணாது பந்தரின்கண் ஓடுகின்றாள். பின்தொடர்ந்தோர் தளர்ந்து நிற்கின்றனர். அவளே மணந்தபின் கணவன் குடி வறுமையுற்றும், தந்தையின் வளமிக்க சோற்றை நினையாமல் விட்டுவிட்டு உண்ணும் அறிவும் ஒழுக்கமும் உடையளாயினாள் என்பது பாட்டின் கருத்து.

செய்யுளை மருத்துவ நூலாக்குதல் தகாது. முன்னவை இரண்டும் பெற்றோர் இன்பத்தைப் பேசுவன. பின்னது மகளின் மாட்சியைப் பேசுவது. எனினும், குழந்தையைத் தானே உண்ணவிடுதலும் கோல்காட்டி ஊட்டுதலும் ஆகிய இருவகையும் நம் முன்னோர் கண்ட வழக்கங்களே என்பது இவற்றால் புலனாகும். இக்கால அறிவியல் முன்னதன் பக்கமே நிற்கின்றது. பசிக்குறிப்பும் நிறைவுக்குறிப்பும் அறிந்து ஊட்டுக. முகம் திருப்பிய குழந்தையை வற்புறுத்தற்க. சிதறினும் தன் கையால் உண்ணவிடுக என்பதே அதன் கூற்று.

4. சர்க்கரை என்னும் அன்பு

பிறந்த குழவியின் நாவில் சர்க்கரைநீரோ தேனோ தொட்டு வைத்தலைச் 'சேனை வைத்தல்' என்பர். குழந்தை உண்ணும் முதற்பொருள் இனிப்பாதல் வேண்டும் என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்து. அன்பின் அடையாளமாக இனிப்பு நிற்பதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அதன் விளைவை மறைத்தலும் ஆகாது. தேனில் இருத்தற்குரிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் ஓர் ஆண்டு நிரம்பாக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சினைத் தோற்றுவிக்கக் கூடும். ஆதலின் முதலாண்டில் தேன் கூடாது. முதற்பொருளாதற்கு உரியது பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டும் சீம்பாலே.

வெண்சர்க்கரையின் பெயர்களே அதன் புதுமையைக் காட்டும். தென் மாவட்டங்களில் வழங்கும் சீனி என்பது சீன நாட்டோடு தொடர்புடையது. அஸ்கா என்பது ஒடிசாவில் ஆலை அமைந்த ஊரின் பெயர். சர்க்கரை என்பதோ வடமொழிவழி வந்தது. நம் பழைய அடுக்களையில் வெல்லமே இருந்தது. வெல்லம் சிறந்ததன்றோ எனின், குழந்தைக்கு அதுவும் சர்க்கரையே. அதிலுள்ள இரும்பு குருதிச்சோகையைத் தீர்க்கப் போதாது.

இதன் விளைவை மேலைநாட்டுச் சான்று ஒன்று விளக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு ஐக்கிய இராச்சியத்தில் 1953 செப்டம்பரில் நீங்கியது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தோரை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. கருவுற்ற நாள்தொட்டு ஏறத்தாழ ஆயிரம் நாள் பங்கீட்டுள் வளர்ந்தோர்க்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 விழுக்காடும், குருதி மிகையழுத்தம் 20 விழுக்காடும் குறைவாகக் கண்டனர். ஆலை ஊரில் சர்க்கரை உழைப்பும் ஊதியமும் ஆகும். அதனை எவரும் பழித்தல் வேண்டா. இரண்டாண்டு நிரம்பாக் குழந்தையின் கிண்ணத்தில் அது இடம்பெறாதிருத்தலே நாம் வேண்டுவது.

5. தேர்தற்குரியன

இவ்வட்டாரத்தில் விளைவனவற்றைக் கொண்டே நல்லுணவு அமைத்தல் இயலும். ஆறு திங்கள் நிரம்பியபின் குழைய வேகவைத்து மசித்த சோறும் பச்சைப்பயறும் சிறிது நெய்யும் போதிய தொடக்கமாகும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. ஒன்பது திங்கள் முதல் மூன்று அல்லது நான்கு வேளையாக உயர்த்தி, மசித்தலைக் குறைத்துத் திப்பியாகத் தருதல் வேண்டும். முட்டை, கடலூர்த் துறையில் கிடைக்கும் மீனை முள்நீக்கி உதிர்த்தது, முருங்கைக்கீரை, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். நிலக்கடலையும் பண்ணுருட்டி முந்திரியும் நல்லனவே. எனினும் முழுப்பருப்பு தொண்டையில் அடைத்துக் கொள்ளுமாதலின் அரைத்தே சேர்த்தல் வேண்டும். பசுப்பாலை முதலாண்டில் முதன்மைப் பானமாகக் கொள்ளலாகாது. ஓராண்டு நிரம்பியபின் குடும்பத்தார் உண்பதனையே, உப்பும் காரமும் சேர்க்குமுன் எடுத்து ஊட்டலாம்.

பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் எளிதிற் சேர்வதில்லை. உயிர்ச்சத்து 'சி' உடன் இருப்பின் அது மிகுதியாகச் சேரும். அச்சத்து நிறைந்த கனிகளுள் தலையாயது நெல்லி. வேகவைத்து மசித்த நெல்லியில் சிறிது பருப்புச்சோற்றில் கலந்தால் அதன் பயன் பெருகும். எலுமிச்சைச் சாறும் கொய்யாவும் அவ்வாறே உதவும்.

தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 திங்கள் வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை தளர்ந்தோர்க்குச் சிற்றுணவு வழங்கியது. எடை குறைந்தபின் வருந்தாது, தளரும்போதே கண்டு காத்தல் அதன் நெறி. அந்நெறியை ஒவ்வொரு வீடும் மேற்கொள்ளலாம். அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் பதிந்த அட்டையை வாங்கிப் பார்த்து, கோடு மேலேறுகின்றதா என அறிதல் எழுத்தறிந்தார் எவர்க்கும் எளிது.

முடிவாகக் கூறின், கூழின் செறிவும், அளாவும் கையின் உரிமையும், இணை உணவு என்னும் சொல்லின் பொருளும் ஆகிய மூன்றையும் போற்றிக் கொள்ளுதல் தகும். சேனையின் இனிப்பைக் குழந்தையின் அகவை கருதி விலக்குதல் தகும். கரும்பால் வாழும் ஊராயினும், தன் பெயரில் தாங்கி நிற்கும் நெல்லியையே நெல்லிக்குப்பம் தன் குழந்தைகட்கு முதற்கண் ஈதல் வேண்டும் என்பதே எம் துணிபு.